அபாகஸா, பல்லாங்குழியா, செயலியா? ஏழு வயதுக்குள் வீட்டுக் கணக்கு

யு.கே.ஜி. படிக்கும் பிள்ளை நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிறது. எதிர்வீட்டுப் பெண் அபாகஸில் இரண்டாம் நிலைக்குப் போய்விட்டாள். பாட்டி பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கி வைத்திருக்கிறார். அப்பாவின் போனில் மூன்று கணக்குச் செயலிகள் இருக்கின்றன. மாலையில் கிடைப்பதோ அரை மணி நேரம். அதை எதில் போடுவது என்று குழம்பும் பெற்றோருக்காகவே இந்த ஒப்பீடு. நான்கு முதல் ஏழு வயது வரை, அதாவது எல்.கே.ஜி.யிலிருந்து இரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. எட்டு வயதுக்கு மேல் கணக்கே வேறு.

வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம்

எந்த வழி நல்லது என்பது பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பதினைந்து புளியங்கொட்டையும் ஒரு கிண்ணமும் போதும்.

1. "எனக்கு ஆறு கொட்டை கொடு" என்று கேளுங்கள். கை நிறைய அள்ளிக் கொடுத்தால், அந்தப் பிள்ளைக்கு எண்கள் இன்னும் பாட்டுதான்.
2. ஏழு கொட்டையை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் அதே ஏழையும் அகலமாகப் பரப்பி, "இப்போ எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினால், இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்பது இன்னும் பிடிபடவில்லை.
3. நான்கு கொட்டையை ஒரே ஒரு நொடி காட்டிவிட்டுக் கையால் மூடுங்கள். எண்ணாமலேயே "நாலு" என்று வருகிறதா?
4. ஐந்து கொட்டையைப் பிள்ளை பார்க்கக் கிண்ணத்தில் போட்டு மூடிவிட்டு, வெளியே மூன்றை வையுங்கள். மொத்தம் எத்தனை? "ஆறு, ஏழு, எட்டு" என்று மேலே எண்ணுகிறதா, கிண்ணத்தைத் திறக்கச் சொல்கிறதா?

முதல் இரண்டில் தடுமாறும் பிள்ளைக்கு அபாகஸ், பயிற்சித்தாள், செயலி மூன்றுமே சீக்கிரம். மூன்றாவது வரை வந்து நான்காவதில் நிற்கும் பிள்ளைக்குக் கட்ட விளையாட்டுகளும் நீளக் குச்சிகளும் சரியான நேரத்தில் வருகின்றன. நான்கும் சுலபமாக வந்தால் எந்த வழியும் திறந்திருக்கிறது.

எதை வைத்து எடைபோடுகிறோம்

ஐந்து விஷயங்கள். எண்ணின் அளவு மனதில் பதிகிறதா, விடை மட்டும் வருகிறதா? தப்பு செய்தால் பிள்ளைக்கே தெரிகிறதா, பெரியவர் சொன்னால்தான் தெரிகிறதா? பெரியவர் எத்தனை நிமிடம் கூடவே உட்கார வேண்டும்? காசு எவ்வளவு? நான்காவது நாள் பிள்ளை தானாகக் கேட்கிறதா?

கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வயதில் வாரத்துக்கு ஆறு தடவை பத்து நிமிடம் செய்தது நிற்கும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இழுத்து உட்காரவைத்தது நிற்காது. ஆறு நாளும் பிள்ளை வர வேண்டுமென்றால் அதற்கே பிடித்திருக்க வேண்டும்.

| வழி | ஏற்ற வயது | பெரியவர் நேரம் | செலவு | தெரியாமல் வரும் செலவு |
|---|---|---|---|---|
| பல்லாங்குழி, தாயம், பரமபதம் | 4 முதல் | முழு நேரமும் கூட இருக்க வேண்டும் | மிகக் குறைவு | தோற்றால் அழுகை, சின்ன விதைகளின் ஆபத்து |
| அடுக்களை, வீட்டு வேலை | 3½ முதல் | தனி நேரம் வேண்டாம் | இல்லை | வேலை தாமதமாகும் |
| நீளக் குச்சி, மணிமாலை | 4½ முதல் | முதல் வாரம் அதிகம், பிறகு குறைவு | குறைவு | செய்யும் நேரம், தொலையும் துண்டுகள் |
| அபாகஸ் வகுப்பு | 7-ஐ ஒட்டி | தினமும் 15–20 நிமிடப் பயிற்சி | அதிகம் | நடுவில் விட்டால் போட்டதில் பெரும்பகுதி போகும் |
| பயிற்சித்தாள் | 6 முதல் | திருத்தும் நேரம் | குறைவு | கணக்கென்றாலே சலிப்பு |
| செயலி | 5 முதல், அளவோடு | குறைவு போலத் தெரியும் | இலவசம் முதல் சந்தா வரை | ஊகித்துத் தட்டும் பழக்கம் |

கட்ட விளையாட்டுகள்

ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிய ஒரே வரிசைக் கட்டத்தில் காய் நகர்த்தி விளையாடிய பிள்ளைகளுக்கு எண்களின் பெரிது சிறிது தெளிவாவதை ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. விளையாடியது இரண்டு வாரத்தில் நான்கே அமர்வுகள், ஒவ்வொன்றும் கால் மணி நேரத்தை ஒட்டி. எண்ணுக்குப் பதிலாக வெறும் நிறம் பூசிய கட்டத்தில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. வட்டப் பாதையில் எண்களை வைத்தபோதும் நேர்வரிசை அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே நான்கு வயதுக்குப் பரமபதத்தைவிடத் தரையில் சாக்கட்டியால் வரைந்த பத்துக் கட்ட நேர்ப்பாதைதான் முதல் விளையாட்டு. செலவு ஒரு சாக்கட்டி.

இரண்டு இடத்தில் இது கெடும். முதலாவது, பிள்ளை தான் நிற்கும் கட்டத்தையே "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கும். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் செய்வது இது. காயைத் தூக்கிக் குதிக்க வைத்து, இறங்கிய பிறகே எண்ணைச் சொல்ல வையுங்கள், சரியாகிவிடும். இரண்டாவது, 25-இல் நிற்கும்போது இரண்டு விழுந்தால் பிள்ளை "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தும். அப்படி விடாமல் "இருபத்தாறு, இருபத்தேழு" என்று கட்டத்தின் எண்ணையே சொல்லி நகர்த்த வேண்டும். நூறு கட்டப் பலகையில் இந்தச் சின்ன மாற்றம் பலனை வெகுவாகக் கூட்டுவதைச் சீக்லரும் எலிடா லாஸ்கியும் 2014-இல் காட்டினார்கள். பரமபதத்தில் வரிசைக்கு வரிசை திசை திரும்புவதால், 10-லிருந்து 11-க்குப் போகும் இடத்தில் ஒரு அம்புக்குறி ஒட்டுங்கள். இல்லையென்றால் விளையாட்டு பாதி நேரம் வழி தேடுவதிலேயே போகும்.

தாயம் வேறு வகைக் கணக்கு. பித்தளைத் தாயக்கட்டை இரண்டிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகம். பிள்ளை ஒவ்வொரு உருட்டலிலும் இரண்டு சிறு எண்களைக் கூட்டுகிறது, அதுவும் புள்ளியைப் பார்த்து எண்ணாமலே. ஆனால் பெரியவர்களின் விதி அப்படியே ஐந்து வயதுக்கு ஆகாது. காயை இறக்கத் தாயம், அதாவது மொத்தம் ஒன்று விழ வேண்டும். விழக்கூடிய 16 வகையில் அது வருவது இரண்டே வகையில். எட்டு முறைக்கு ஒரு முறை என்ற கணக்கில் காத்திருந்தால், காய் இறங்குவதற்குள் பிள்ளை எழுந்து போய்விடும். எந்த எண் விழுந்தாலும் காய் இறங்கலாம் என்று தொடங்குங்கள். வெறுமையும் வெறுமையும் விழுந்தால் பன்னிரண்டு என்பதையும் தள்ளிவையுங்கள். இப்போதுதான் கூட்டல் பழகும் பிள்ளையிடம் இரண்டு பூஜ்யம் சேர்ந்தால் பன்னிரண்டு என்று சொன்னால், அது நம்மைத்தான் சந்தேகப்படும். ஏழு வயதில் அதே கட்டையை ஐம்பது முறை உருட்டி, விழுந்ததற்கெல்லாம் கோடு போட்டு வரச் சொல்லுங்கள். மூன்று ஏன் அடிக்கடி விழுகிறது, ஆறு ஏன் அபூர்வம் என்று பிள்ளையே கேட்கும். மூன்று நான்கு வகையில் வரும், ஆறு ஒரே வகையில்தான் வரும். நிகழ்தகவுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் இல்லை.

பல்லாங்குழியின் பதினான்கு குழியும் முதல் நாளே வேண்டாம். பக்கத்துக்கு மூன்று குழி, குழிக்கு மூன்று விதை, மொத்தம் 18. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். நான்கு சேர்ந்த குழி "பசு", அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். குழிக்கு மூன்றில் தொடங்குவதால் ஒரு விதை விழுந்ததுமே பசு வந்துவிடும், மூன்றோடு ஒன்று நான்கு என்பது பேச்சில்லாமல் பதியும். கடைசி விதை போட்ட இடத்துக்கு அடுத்த குழியை எடுத்துத் தொடர்வது, வெறுங்குழி வந்தால் துடைத்து அதற்கடுத்ததை எடுப்பது போன்ற விதிகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் வீட்டு விதியே போதும்.

ஆறு வயதான பிறகு ஒரே ஒரு கேள்வியைச் சேருங்கள். "இந்தக் குழியை எடுத்தால் கடைசி விதை எங்கே விழும்? தொடாமல் சொல்லு." ஆட்டத்தின் மூளை வேலை இதில்தான் இருக்கிறது. ஆட்டம் முடிந்து குழியில் மீதி இல்லாதபோது, "என்கிட்ட பதினொண்ணு. உன்னுடையதை எண்ணாமல் சொல்ல முடியுமா?" என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளில் பல்லாங்குழிப் பையில் குன்றிமணி இருக்கும். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதை கடுமையான நஞ்சு, மென்றால் உயிருக்கே ஆபத்து. முழுச் சிவப்பான மஞ்சாடியோடு பலர் அதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பொட்டு இருந்தால் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை தவழும் வீட்டில் எந்தச் சிறு விதையும் வேண்டாம், மூச்சுக்குழாயில் அடைக்கும். துணி கிளிப்பும் இட்லித் தட்டும் வைத்துக்கூடப் பல்லாங்குழி ஆடலாம்.

அடுக்களைக் கணக்கு

செலவும் இல்லை, தனி நேரமும் இல்லை. நான்கு குழித் தட்டு மூன்று வைத்தால் எத்தனை இட்லி? வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு தோசை, இரண்டு ஏற்கெனவே ஆகிவிட்டது, இன்னும் எத்தனை? பழைய அளவைகள் வீட்டில் இருந்தால் பொக்கிஷம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசி அளக்கும்போதே பாதி, கால், அரைக்கால் கைக்கு வந்துவிடும். வாசலில் கோலம் போடுபவர் இருந்தால் புள்ளியையும் விடாதீர்கள். 7 புள்ளி, இடைப்புள்ளி 4 வரை என்றால் மொத்தம் 37. பிள்ளை முதலில் ஒவ்வொன்றாக எண்ணும், சில நாளில் மேலும் கீழும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்துப் பாதியை மட்டும் எண்ணும்.

இதன் குறை, இது மறந்துபோகும். குக்கர் கத்தும்போது யாருக்கும் கேள்வி தோன்றாது. ஒரு நாளைக்கு ஒரே கேள்வி, அதுவும் பரிமாறும் நேரத்தில் மட்டும் என்று கட்டிவைத்தால்தான் நிற்கும்.

இன்னொன்று, எண்களைத் தமிழில் சொல்வதன் லாபம். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் தர்ட்டீனையும் தர்ட்டியையும் மாதக்கணக்கில் குழப்பிக்கொள்கிறார்கள். பதின்மூன்றுக்கும் முப்பதுக்கும் அந்தக் குழப்பம் வராது. பதினைந்து என்ற சொல்லிலேயே பத்தும் ஐந்தும் காதில் விழுகின்றன. ஒரே ஒரு பள்ளம், தொண்ணூறு. எண்பத்தொன்பதுக்குப் பிறகு "நூறு" காதில் விழுவதால் பிள்ளை அங்கேயே நூறை எட்டிவிட்டதாக நினைக்கும். அந்த இடத்தை மட்டும் கட்டத்தைக் காட்டி நிதானமாகத் தாண்ட வையுங்கள்.

நீளக் குச்சியும் மணிமாலையும்

பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குசினேர் உருவாக்கிய குச்சிகள் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை, நீளத்துக்கு ஒரு நிறம். கடையில் மரத்தில் கிடைக்கும். கெட்டி அட்டையிலும் செய்யலாம். ஒரு தொகுதிக்கு 55 செ.மீ. பட்டை, நான்கு தொகுதிக்கு 220 செ.மீ. வேண்டும், அகலம் 1 செ.மீ. வரைபடத் தாளை ஒட்டி அதன் கோட்டிலேயே வெட்டுங்கள். துண்டுக்கு ஒரு மி.மீ. பிசகினால் பத்து ஒன்றுகள் ஒரு பத்தோடு 1 செ.மீ. இடிக்கும், அதோடு பாடமே பொய்யாகும்.

குச்சியின் மேல் எண் எழுதாதீர்கள். எழுதினால் பிள்ளை படிக்கும், அளந்து பார்க்காது. ஏழு குச்சியின் பக்கத்தில் எந்த இரண்டை வைத்தால் சரியாக இருக்கும் என்று விட்டுவிடுங்கள். தப்பான ஜோடி நீட்டிக்கொண்டு நிற்கும், பெரியவர் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. தப்பைத் தானே காட்டிக்கொடுப்பதில் இதற்கு ஈடு வேறு இல்லை.

மணிமாலைக்கு நூறு மணி, பத்துப் பத்தாக நிறம் மாற்றிக் கோத்தது. மணிகள் நகர இரண்டு விரல் அளவு நூல் விடுங்கள். 34 எங்கே என்று கேட்டு, அங்கே துணி கிளிப் மாட்டச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து எண்ணும் பிள்ளை சில நாளில் பத்து, இருபது, முப்பது என்று தாவும்.

அபாகஸ்

இன்றைக்கு வகுப்புகளில் இருப்பது ஜப்பானிய மணிச்சட்டம். ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஐந்து மதிப்புள்ள ஒரு மணி, கீழே ஒன்று மதிப்புள்ள நான்கு மணி. இது வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு ஓரளவு தெளிவான பதில் உண்டு. குஜராத்தின் வடோதராவில் 204 பள்ளிக் குழந்தைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2016-இல் வெளியானது. அபாகஸ் கற்றவர்கள், அதே நேரத்தைக் கூடுதல் கணக்குப் பாடத்தில் செலவிட்டவர்களைவிடக் கூட்டல் கழித்தலில் முன்னேறினார்கள். ஆனால் நினைவாற்றல், கவனம் போன்ற பொதுத்திறன்கள் அதனால் கூடவில்லை. துண்டுப் பிரசுரத்தில் "மூளை வளர்ச்சி" என்று இருந்தால் அந்த வரிக்குக் காசு கொடுக்காதீர்கள். வேகமான கணக்கீடு வேண்டுமென்றால் கொடுங்கள்.

எப்போது சேர்ப்பது என்பதில்தான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. 3 + 4 போடுவதைப் பாருங்கள். கீழே மூன்று மணி ஏறியாயிற்று, மீதி ஒன்றுதான். ஆகவே மேல் மணியை இறக்கி ஐந்தைச் சேர்த்து, கீழே ஒன்றைக் கழிக்க வேண்டும். நான்கு என்பது ஐந்தில் ஒன்று குறைவு என்று தெரிந்த பிள்ளைக்கு இது அழகான தந்திரம். தெரியாத பிள்ளைக்கு வெறும் விரல் மனப்பாடம். 5-இன் ஜோடிகளும் (1–4, 2–3) 10-இன் ஜோடிகளும் (1–9, 2–8, 3–7, 4–6, 5–5) விரல் மடக்காமல் வருகிற வரை காத்திருப்பது, முதல் சில மாதக் கட்டணத்தை மிச்சப்படுத்தும்.

செலவைக் கூட்டும்போது மாதக் கட்டணத்தோடு நிற்காதீர்கள். மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தால் இரண்டு ஆண்டில் 24,000. அதன் மேல் நிலைக்கு நிலை புத்தகம், தேர்வு, போட்டிக் கட்டணம், வாரம் இரண்டு முறை போக்குவரத்து. மணிச்சட்டம் இல்லாமல் மனதில் மணியைப் பார்க்கும் கட்டத்துக்கு முன்பே நிறுத்தினால் கையில் நிற்பது கொஞ்சம்தான். இன்னொரு உரசலும் உண்டு. 27 + 38-ஐ அபாகஸ் இடமிருந்து போடும், முதலில் 57, பிறகு 65. பள்ளி நோட்டில் ஒன்றாம் இடத்தில் தொடங்கி மேலே ஒன்றை ஏற்ற வேண்டும். இரண்டாம் வகுப்பில் பிள்ளை விடையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறைக்கான மதிப்பெண்ணை இழக்கும். இரண்டும் வேறு வேறு வழி, விடை ஒன்றே என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பயிற்சித்தாளும் செயலியும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை செயல்பாட்டோடும் பயிற்சி நூலோடும்தான் பாடம் நடக்கிறது. வீட்டிலும் தாளை நீட்டினால் அது அதே வேலை மறுபடி. கொடுப்பதென்றால் பக்கத்துக்கு எட்டுக் கணக்குக்கு மேல் வேண்டாம், கூட்டலும் கழித்தலும் கலந்து கொடுங்கள். பக்கம் முழுக்கக் கூட்டல் என்றால் பிள்ளை குறியையே பார்க்காது. "4 + 3 = ?" என்பதைத் திருப்பி, "7-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?" என்று கேட்டால் அதே தாளுக்கு உயிர் வரும். 3, 7 போன்றவற்றைத் திருப்பி எழுதுவது இந்த வயதில் சகஜம், சிவப்பு மையை எடுக்காதீர்கள்.

செயலியில் கான் அகாடமி கிட்ஸ் இலவசம், விளம்பரம் இல்லாதது. குரல் ஆங்கிலத்தில் என்பதால், தமிழில் யோசிக்கும் பிள்ளை கணக்குக்குப் பதில் மொழியில் தடுமாறும். எந்தச் செயலியையும் வாங்குமுன் ஒரு சோதனை. வேண்டுமென்றே நான்கு விடையையும் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். அப்போதும் நட்சத்திரம் கொட்டினால் அது ஊகத்தைத்தான் பழக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல், 2 முதல் 4 வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவது நல்லது என்றது. கார்ட்டூனும் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2015-இல் சிகாகோவில் நடந்த ஆய்வில், பெற்றோரும் முதல் வகுப்புப் பிள்ளையும் சேர்ந்து இரவில் ஒரு கணக்குக் கதையைச் செயலியில் படித்துப் பேசினார்கள். கணக்கென்றால் பயப்படும் பெற்றோரின் பிள்ளைகளுக்கே அதில் அதிகப் பலன். போனைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போவதற்கு இந்த ஆய்வைச் சாட்சியாக இழுக்க முடியாது.

யாருக்கு எது

தாத்தா பாட்டி கூட இருக்கும் வீட்டில் விளையாட்டை விட்டு வேறெங்கும் போக வேண்டாம். நேரமும் பொறுமையும் அங்கேதான் இருக்கின்றன. இருவரும் வேலைக்குப் போய் ஏழு மணிக்குத் திரும்பும் வீட்டில் வாரநாளில் ஒரு அடுக்களைக் கேள்வியும், தானாக விளையாடக் குச்சிப் பெட்டியும், சனி ஞாயிறு தாயமும். தோற்றால் பலகையைக் கவிழ்க்கும் பிள்ளைக்கு, இருவரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து காயை வீடு சேர்க்கும் ஆட்டம். பிள்ளை ஏழை எட்டி, ஜோடிகள் கைவசமாகி, தானே வேகத்தை விரும்பினால் அபாகஸ். அதிலும் இரண்டு ஆண்டு இழுக்க முடியுமா என்று வீட்டு வரவையும் பார்த்துவிட்டு. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஐந்து வயதுப் பிள்ளை தினமும் அழுதால், நிலை முடியட்டும் என்று காத்திருக்காமல் நிறுத்தலாம். ஒன்றரை ஆண்டு கழித்து மறுபடி சேர்ப்பதில் எந்த இழப்பும் இல்லை.

எதைத் தொடங்கினாலும் மூன்று வாரம் கழித்து அந்தக் கிண்ணத்தை மறுபடி எடுங்கள். மூடிய ஐந்தின் மேல் "ஆறு, ஏழு, எட்டு" வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் நிமிடங்களைக் கூட்டாமல் வழியை மாற்றிப் பாருங்கள்.